ட்ரோல் ஏன் சாகவில்லை?

இந்த இதழுக்கு வந்த கேள்விகள் எல்லாம் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, கதாபாத்திரங்களாக ஆடும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் சண்டையில் மான்ஸ்டர்கள் தங்களைக் காத்துக்கொள்ளும் விதம் பற்றியவை. எண்கள் அனைத்தும் 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி.

கே: நான் டி.எம். (கதையையும் மான்ஸ்டர்களையும் நடத்துபவர்). என் மான்ஸ்டர்கள் இரண்டே ரவுண்டில் செத்துவிடுகின்றன. ஆர்மர் கிளாஸை (ஏ.சி., அடி விழப் பகடையில் எட்ட வேண்டிய எண்) ஏற்றிவிடலாமா?

ப: வேண்டாம். ஏ.சி. ஒன்று ஏறினால் அடி விழும் வாய்ப்பு 5 சதவீதம் குறையும். பகடையில் விழுவதோடு +5 கூட்டிக்கொள்ளும் ஃபைட்டருக்கு ஏ.சி. 15-ஐ அடிக்க இருபது முகப் பகடையில் 10 விழுந்தால் போதும். 55 சதவீத வாய்ப்பு. அதையே 20 ஆக்கினால் 15 விழ வேண்டும், 30 சதவீதம்தான். அப்புறம் மேசையைச் சுற்றி ‘மிஸ்’, ‘மிஸ்’ என்றே கேட்கும், ஆள் ஆளுக்கு போனை எடுத்துவிடுவார்கள். ஹிட் பாயின்ட்டை, அதாவது எவ்வளவு சேதம் தாங்கும் என்ற கணக்கை, ஏற்றிப் பாருங்கள். ஓகருக்கு ஏ.சி. வெறும் 11, ஹிட் பாயின்ட் 59. அடி விழுந்துகொண்டே இருக்கும், ஓகர் மட்டும் விழாது.

கே: கோப்ளினுக்கு 7 ஹிட் பாயின்ட்தானே, அதை எப்படிக் காப்பாற்றுவது?

ப: ஒளியவிடுங்கள். அதன் ‘நிம்பிள் எஸ்கேப்’ திறன் அதற்குத்தான். மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வரும், வில்லால் எய்யும், மிச்ச நடையில் மரத்துக்குப் பின்னால் போகும், அதே முறையில் கிடைக்கும் கூடுதல் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷனில் ஒளியும். பாதி உடம்பு தெரிகிற இடத்தில் ஒளிய முடியாது, அங்கே ஏ.சி.க்கு +2 மட்டும்தான். ஆடுபவர்கள் இதை, நிபந்தனை சொல்லிக் காத்திருக்கும் ‘ரெடி’ ஆக்‌ஷனால் முறியடிக்கலாம்: “தலை தெரிந்ததும் அம்பு விடுகிறேன்.” ஆனால் அப்போது, ரவுண்டுக்கு ஒன்றே கிடைக்கும் ரியாக்‌ஷன் செலவாகும், இரண்டு தாக்குதல் உள்ளவருக்கும் ஒரு அம்புதான்.

கே: ட்ரோலை 0 வரை அடித்தோம். எழுந்து வந்து எங்கள் பூசாரியான கிளெரிக்கைச் சாய்த்துவிட்டது. இத்தனைக்கும் முதல் ரவுண்டிலேயே தீ வைத்திருந்தோம். டி.எம். ஏமாற்றினாரா?

ப: இல்லை, நீங்கள் தீயைச் சீக்கிரம் செலவழித்துவிட்டீர்கள். ட்ரோலுக்கு 84 ஹிட் பாயின்ட். அதன் டர்ன் (ஆடும் முறை) தொடங்கும்போதெல்லாம் 10 திரும்பி வரும். நெருப்போ அமிலமோ பட்டால், அடுத்த டர்னின் தொடக்கத்தில் மட்டும் வராது. அதற்கடுத்த டர்னில் பழையபடி வரும். 0-வில் டர்னைத் தொடங்கி, அந்த 10-உம் வராமல் போனால்தான் சாவு.

ஆகவே ட்ரோல் விழும் நிலைக்கு வந்ததும் யாருக்குப் பின் யார் ஆடுவது என்ற இனிஷியேட்டிவ் வரிசையைப் பாருங்கள். அதற்குச் சரியாக முன்னால் ஆடுபவர் கையில் தீ இருக்கட்டும். தீப்பந்தத்தால் ஓர் அடி என்றால் 1 நெருப்புச் சேதம். அந்த ஒன்றே போதும்.

டி.எம்.மும் இதை முன்கூட்டிக் காட்ட வேண்டும். “வாள் வெட்டு கண்ணெதிரே கூடுகிறது, தீ பட்ட தோள் மட்டும் கருகியபடியே இருக்கிறது” என்று ஒரு வரி சொல்லியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

கே: ஒரே சேதத்துக்கு இரண்டு வழியில் ரெசிஸ்டன்ஸ் (சேதத்தைப் பாதியாக்கும் தன்மை) இருந்தால் கால் பங்கா?

ப: பாதிதான், ஒரே முறைதான். கூட்டல் கழித்தலை முடித்துவிட்டுப் பாதியாக்கி, பின்னத்தை விட்டுவிடுங்கள்: 13 என்றால் 6.

கே: வளர்ந்த சிவப்பு டிராகன் மீது போடும் மந்திரமெல்லாம் வீணாகிறதே?

ப: அதற்கு லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் உண்டு. தோற்ற சேவிங் த்ரோவை (பாதிப்பைத் தவிர்க்க உருட்டும் பகடை) நாளுக்கு 3 முறை வென்றதாக மாற்றிக்கொள்ளும். பெரிய மந்திரத்தை முதலில் போட்டால் அதில் போய்விடும். முதல் நிலை மந்திரமான ‘ஹிடியஸ் லாஃப்டர்’ மாதிரி மலிவானதைப் போட்டு அந்த மூன்றையும் கறக்கப் பாருங்கள். தரையில் விழுந்து சிரிக்க எந்த டிராகனும் விரும்பாது. அது விஸ்டம் (மனத்தெளிவு) சேவ், அதில் டிராகன் பகடையோடு கூட்டிக்கொள்வது +7. துறவி வீரரான மாங்க்கின், எதிரியைத் திகைக்க வைக்கும் ‘ஸ்டன்னிங் ஸ்ட்ரைக்’கை நம்பாதீர்கள், அது கான்ஸ்டிடியூஷன் (உடல் வலு) சேவ், அதில் டிராகனுக்கு +13. டி.எம்.கள் பக்கத்திலும் ஒரு தப்பு நடக்கிறது: வெறும் சேதம் தரும் ‘லைட்னிங் போல்ட்’டுக்கெல்லாம் ஒன்றைச் செலவழித்துவிடுகிறார்கள். 256 ஹிட் பாயின்ட் பிறகு எதற்கு?