ஆபா கணக்கு: ஓ.டி.பி. யார் கைக்குப் போகிறது?

*அப்பாவுக்கு 73 வயது. ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலை பார்த்தவர். ஆபா எண் (மருத்துவப் பதிவுகளை ஒன்றாக இணைக்கும் ஆயுஷ்மான் பாரத் கணக்கு) எடுக்கப் போனால் கைரேகை விழவில்லை என்கிறார்கள். ஆதாரில் உள்ள செல்போன் எண்ணும் இப்போது இல்லை.*
– வாசகி, நாகலூர்

தோட்டத்தில் உழைத்த விரல்களில் ரேகை தேய்ந்திருப்பது புதிதல்ல. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்கு மெருகு போடுகிறவர்களுக்கும் இதே பாடுதான். ஆதார் சேவை மையத்தில் கருவிழியை வைத்தும் அடையாளம் பார்ப்பார்கள். அப்பாவை நேரில் அழைத்துப் போய் முதலில் செல்போன் எண்ணை மாற்றுங்கள். அதற்குத் தனி ஆவணம் கேட்பதில்லை. எண் மாறிவிட்டால் ஓ.டி.பி. வழியாகவே ஆபா எடுத்துவிடலாம், கைரேகையே வேண்டாம்.

பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பியின் எண்ணை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரிக் கவுன்டரில் அப்பா நிற்கும்போது தம்பி மீட்டிங்கில் இருப்பார். அப்பாவின் பட்டன் போனே போதும், அதிலும் குறுஞ்செய்தி வரும்.

*பிரவுசிங் சென்டரில் ஆபா எடுத்தேன். இப்போது நுழையப் பார்த்தால் எனக்கு ஓ.டி.பி. வரவே இல்லை.*
– வாசகர், அம்மாப்பேட்டை

ஆதார் ஓ.டி.பி. முடிந்ததும், கணக்குக்கான தொடர்பு எண் எது என்று தனியாகக் கேட்கும். அந்தக் கட்டத்தில் அவசரத்துக்குக் கடைக்காரர் தன் எண்ணைப் போட்டிருக்கலாம். கெட்ட எண்ணம் இல்லாவிட்டாலும் உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவுக்கான சாவி அவரிடம் இருக்கிறது. ஆதார் எண்ணைக் கொடுத்து, ஆதார் ஓ.டி.பி. மூலம் உள்ளே போய் அந்த எண்ணை இன்றே மாற்றுங்கள்.

*மகளுக்கு 17 வயது. அவளே கணக்குத் தொடங்கலாமா?*
– வாசகி, அஸ்தம்பட்டி

18 நிறையும்வரை உங்கள் ஒப்புதலோடுதான். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குக் குறைந்தவரைக் குழந்தை என்றே கொள்கிறது. பிறந்தநாள் கடந்ததும் கணக்கில் அவளுடைய செல்போன் எண்ணைப் போட்டுக்கொடுங்கள். அதன் பிறகு அவள் மருத்துவரிடம் என்ன பேசினாள் என்று எட்டிப் பார்க்கும் வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

*மனைவியின் ஸ்கேன் ரிப்போர்ட்டை என் ஆபாவில் பார்க்க முடியுமா?*
– வாசகர், கொண்டலாம்பட்டி

முடியாது. அவர் கணக்கு வேறு, உங்கள் கணக்கு வேறு. மருத்துவர் பார்ப்பதற்குக்கூட அவர் ஒப்புதல் தர வேண்டும். எவ்வளவு நாளைக்கு என்பதை அவரே முடிவு செய்யலாம், இடையில் திரும்பப் பெறவும் செய்யலாம். அவரிடமே கேளுங்கள், காட்டுவார்.

*ஆபா இல்லாவிட்டால் ஓ.பி. சீட்டு தரமாட்டார்களா?*
– வாசகர், ஓமலூர்

தர வேண்டும். ஆபா விருப்பத்தின் பேரில் எடுப்பது, சிகிச்சைக்கு நிபந்தனை அல்ல. இருந்தால், க்யூ.ஆர். வசதி உள்ள மருத்துவமனையில் அங்குள்ள க்யூ.ஆர். குறியை உங்கள் செல்போனில் ஸ்கேன் செய்து, பெயர், வயது, முகவரி சொல்லாமலே டோக்கன் வாங்கலாம். வரிசை குறையும், அவ்வளவுதான்.