எட்டு நாள் அரை ஆயுள் என்றால் பதினாறு நாளில் தீர்ந்துவிடுமா?

கேள்வி: தைராய்டு அதிகமாகச் சுரப்பதால் அம்மாவுக்குக் கதிரியக்க அயோடின் மாத்திரை கொடுத்தார்கள். அரை ஆயுள் எட்டு நாள் என்றார்கள். 16 நாளில் முழுவதும் போய்விடுமா? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. அவருடைய துணி, பாத்திரங்களை என்ன செய்வது?

பதில்: 16 நாளில் தீராது, கால்பங்கு மிஞ்சும். எட்டு நாளில் பாதி போகும். அடுத்த எட்டு நாளில் மீதியிருப்பதில்தான் பாதி போகும். மாத்திரையில் இருக்கும் கதிரியக்க அயோடினான அயோடின் 131இன் அணுவுக்கு வயது ஏறுவதில்லை. நேற்று உருவானதும் ஒரு மாதமாகச் சிதையாமல் இருப்பதும், அடுத்த எட்டு நாளில் சிதைய ஒரே வாய்ப்புதான். சிதைந்தால் பீட்டா துகளையும் காமா கதிரையும் வெளியிட்டு, கதிரியக்கம் இல்லாத செனான் 131 ஆகிவிடும்.

கணக்காகப் பார்ப்போம். கொடுத்த அளவு 400 மெகாபெக்கரல் என்றால், நொடிக்கு 40 கோடி அணுக்கள் சிதைகின்றன. 24 நாளில் அது 5 கோடி. 80 நாளில், அதாவது பத்து அரை ஆயுளில், 1024இல் ஒரு பங்கு: நொடிக்கு நான்கு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு.

உடம்புக்குள் இருப்பது இதைவிட வேகமாகக் குறையும், சிறுநீரிலும் வெளியேறுவதால். தைராய்டிலிருந்து பாதி வெளியேற 24 நாள் ஆகும் என்று வைத்துக்கொண்டால், 8ஐயும் 24ஐயும் பெருக்கி அவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். விடை ஆறு நாள்: சிதைவும் வெளியேற்றமும் சேர்ந்து தைராய்டில் இருப்பது பாதியாகக் குறைய ஆகும் காலம். தைராய்டு பிடித்துக்கொள்ளாத அயோடின் பெரும்பாலும் முதல் இரண்டு நாளிலேயே சிறுநீரில் போய்விடும். ஆகவே அந்த இரண்டு நாளும் கழிப்பறையில்தான் கூடுதல் கவனம் வேண்டும். உட்கார்ந்தே சிறுநீர் கழிக்கட்டும், இரண்டு முறை தண்ணீர் விடட்டும், சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். மருத்துவர் தடுக்காவிட்டால் நிறையத் தண்ணீர் குடிக்கலாம்.

குழந்தைக்கு ஆபத்து இரண்டு வழியில் வரும். ஒன்று, அம்மாவின் கழுத்திலிருந்து வரும் காமா கதிர். இதற்கு மருந்து தூரம்தான்: 50 சென்டிமீட்டரிலிருந்து 2 மீட்டருக்குத் தள்ளிப்போனால் ஏறத்தாழ 16இல் ஒரு பங்காகிவிடும். அறையைக் கடந்து போவதில் பயமில்லை. மார்போடு அணைத்துத் தூங்கவைப்பதுதான் கூடாது, குழந்தையின் தலை கழுத்தை ஒட்டி மணிக்கணக்கில் கிடக்கும். மற்றொன்று, எச்சில், வியர்வை, சிறுநீர் வழியாக அயோடினே குழந்தையின் வாய்க்குப் போவது. குழந்தையின் தைராய்டு மிகச் சிறியது. கொஞ்சம் போனாலும் அதில் ஒரு பகுதி அந்தச் சிறு சுரப்பியில் குவிந்துவிடும். எனவே முத்தம், எச்சில் சோறு, ஒரே டம்ளர் எதுவும் வேண்டாம்.

எத்தனை நாள் விலகியிருப்பது என்பதை இந்தக் கணக்கை வைத்து நீங்களே முடிவு செய்ய வேண்டாம். கொடுத்த அளவையும் தைராய்டு பிடித்துக்கொண்ட அளவையும் வைத்து அணு மருத்துவப் பிரிவு எழுதிக் கொடுத்த நாள்தான் சரி. எழுதித் தராவிட்டால் இன்றே கேளுங்கள்.

பாத்திரத்தைத் தனியாக வைத்து, சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவினால் போதும். தூக்கி எறிய வேண்டாம். துணி, தலையணை உறையைத் தனியாகத் துவைத்து இரண்டு முறை அலசுங்கள். கொதிக்கவைத்தாலும் வெயிலில் போட்டாலும் சிதைவு ஒரு நொடிகூட வேகமாகாது. துவைக்கும்போது அயோடின் துணியை விட்டுத் தண்ணீரோடு போகிறது, அவ்வளவுதான். காமா கதிர் பட்டதால் மட்டும் எந்தப் பொருளும் கதிரியக்கம் பெறாது. அயோடின் ஒட்டியிருந்தால்தான் கவலை.

கழுவ முடியாத டயப்பர், பஞ்சு போன்றவற்றை மருத்துவமனை வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் இரட்டைப் பையில் கட்டி, தேதி எழுதி, ஆள் நடமாட்டமில்லாத மூலையில் 80 நாள் வைத்துவிட்டுக் குப்பையில் போடுங்கள். அதற்கு முன்பே போட்டால் குப்பைக் கிடங்கின் கதிர் உணரி ஒலிக்கக்கூடும். விமான நிலையத்திலும் சில வாரங்கள் வரை இப்படி நடப்பதுண்டு. பயணம் இருந்தால் சிகிச்சைச் சான்றை அம்மா கையிலேயே வைத்திருக்கட்டும்.