லோ வோல்டேஜில் ஏசி ஏன் ஓடி ஓடி நிற்கிறது?

வோல்டேஜ் என்பது கரண்டைத் தள்ளிவிடும் அழுத்தம். நம் வீட்டுக்கு 230 வோல்ட் வர வேண்டும். கம்பி நீள நீள, அதில் லோடு ஏற ஏற, அந்த அழுத்தம் வழியிலேயே குறையும். சேரன்மகாதேவி பக்கம் கால்வாயில் மேல்மடைக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் திறந்தால் கடைமடை வயலுக்கு என்ன வந்து சேருமோ, அதுதான் சித்திரை மாதத்து ராத்திரியில் டிரான்ஸ்ஃபார்மருக்குத் தூரத்தில் இருக்கும் வீட்டுக்கும் வரும். அறையின் சூட்டைப் பார்த்து ஏசியை ஓட்டி நிறுத்தும் தெர்மோஸ்டாட் 'ஓடு' என்று சொல்லிவிடும், ஆனால் கம்ப்ரசர் (குளிரூட்டும் வாயுவை அழுத்தும் மோட்டார்) கிளம்பும் அந்த ஒரு நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் வேண்டும். அது கிடைக்காமல் முனகும், சூடாகும், பாதுகாப்பு சுவிட்ச் நிறுத்திவிடும். தெர்மோஸ்டாட்டை மாற்றிப் பிரயோஜனமில்லை.

ஏசி பிளக்கிலேயே எலக்ட்ரீஷியனை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஏசி ஓடாதபோதும் கிளம்பும்போதும். ஓடாதபோதே குறைவு, பக்கத்து வீட்டிலும் அதே கதை என்றால் லைன் கோளாறு, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு (94987 94987) சொல்லுங்கள். கிளம்பும்போது உங்கள் வீட்டில் மட்டும் சரிகிறதா? அப்போ ஒல்லி வயர் அல்லது லூஸ் கனெக்‌ஷன். பல நேரம் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) முனைதான். கருகி, உறை உருகி, தொட்டால் பொடியாக உதிரும். மெயினை அணைக்காமல் தொடாதீர்கள்.

அப்புறம், ஸ்டெபிலைசர் கரண்டை உற்பத்தி செய்யாது; லைனிலிருந்து கூடுதலாக இழுத்துத்தான் வோல்டேஜை ஏற்றுகிறது, அதனால் லூஸ் கனெக்‌ஷன் இன்னும் சூடாகத்தான் செய்யும்.