அலீனாவின் இடது கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் கட்டுரையைப் படித்துத்தான் எஸ்டோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட்டைக் கேட்டேன். டிரினிட்டி ஆறாம் கிரேடு பியானோ படிக்கும் என் மகள் அவருடைய ‘ஃபூர் அலீனா’வை ஒரே மாலையில் வாசித்துவிட்டாள். மொத்தமே இரண்டு பக்கம். எட்டு வருடம் மௌனமாக இருந்து மனிதர் எழுதியது இதைத்தானா? மகளுக்கு கம்போசிஷன், அதாவது இசை எழுதுவது, படிக்க ஆசை. மும்பையில் எங்கே சேர்க்கலாம்?

எஸ்., செம்பூர்

அன்புள்ள எஸ்.,

ஒரே மாலையில் கட்டைகளை அழுத்தியிருக்கிறாள், அவ்வளவுதான். குழந்தைமேல் குற்றமில்லை. கைதட்டியது நீங்கள்.

அந்த மௌனக் கதையை முதலில் விடுங்கள். ஆளாளுக்குச் சொல்லி அவரைச் சாமியாராகவே ஆக்கிவிட்டார்கள். 1968இல் கிறிஸ்தவ நம்பிக்கையைப் பாடும் அவருடைய ‘கிரெடோ’ சோவியத் அதிகாரிகளின் கண்ணை உறுத்தியது, அதுவரை எழுதிவந்த முறை அவருக்கே கசந்தது, எல்லாம் உண்மை. ஆனால் 1971இல் மூன்றாம் சிம்பனி வந்திருக்கிறதே! வயிற்றுப்பாட்டுக்குச் சினிமாவுக்கு எழுதினார். மிச்ச நேரத்தில் கிரகோரியன் பாடல்கள் என்னும் பழைய தேவாலயப் பாடல்களைப் படித்து, துணைச் சுரமில்லாத ஒற்றை வரி மெட்டுகளாக நோட்டு நோட்டாக எழுதிக் குவித்தார். இப்படி உழைத்தவரைச் சும்மா இருந்து ஞானம் பெற்றார் என்கிறீர்கள்.

1976இல்தான் ‘அலீனா’. மேற்கத்திய ‘பி’ (B) சுரத்தை ஆதார ஷட்ஜமாக வையுங்கள், நடபைரவி சுரங்கள். வலது கையில் மெட்டு. இடது கைக்கு ச, க, ப மூன்றே சுரம். மெட்டுக்குக் கீழே எது மிகக் கிட்டத்தில் இருக்கிறதோ அது. மேலே ரி என்றால் கீழே ச. ம என்றால் க. த, நி இரண்டுக்கும் ப. மேலே க வந்தால் இடது கை அதைத் தொடாது, ச-வுக்கு இறங்கிவிடும். த-ப நெருடும், க-ச இளகும். எங்கே நெருட வேண்டும் என்பதை மெட்டு மட்டுமே தீர்மானிக்கிறது. மெட்டு தளர்ந்தால் தூக்கி நிறுத்த வேறு எதுவும் கிடையாது. அந்த ஒற்றை வரி நோட்டுகள் எதற்கென்று இப்போது தெரிகிறதா?

தாளம் இல்லை. இரண்டு சுரத்தில் தொடங்கி ஒவ்வொரு வரியிலும் ஒன்று கூடி எட்டு வரை போய், அதேபோல் குறையும். ஒரே ஒரு இடத்தில் இடது கை விதியை மீறி ரி வாசிக்கும். அங்கே அவர் ஒரு பூ வரைந்திருக்கிறார். உங்கள் மகள் அதைக் கவனித்தாளா?

அவள் எங்கே தவறியிருப்பாள் என்றும் சொல்கிறேன். கிரேடு பரீட்சைப் பழக்கத்தில் சுரம் மாறும்போதெல்லாம், ஒலியை நீட்டிக்கும் கால் பெடலை விட்டு மறுபடி அழுத்தியிருப்பாள். இங்கே அது கொலை. தொடக்கத்தில் ஒலிக்கும் கீழ் ஸ்தாயி பி, பெடல் அழுத்தியபடியே இருப்பதால், தம்புராபோல் மற்ற தந்திகளையும் அதிரவைக்கிறது. நீளச் சுரத்தை விரல்விட்டு எண்ணவும் கூடாது. அது தேய்வதைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த வரி. வீட்டில் இருப்பது சாதா கீபோர்டு என்றால், உண்மையான பியானோ இருக்கும் இடத்துக்கு ஒருமுறை கூட்டிப்போங்கள்.

எங்கே சேர்ப்பது? மும்பையின் நிகழ்கலை மையமான என்.சி.பி.ஏ.வில் கேட்டால் வழி சொல்வார்கள். அதற்கு முன் இதே அளவில் ஒரு மெட்டு எழுதச் சொல்லுங்கள், வலது கை மட்டும். இடது கையை நீங்களே போடலாம், விதிதான் தெரியுமே.