இடக்கையும் இங்கிதமும்

கேள்வி: ஆங்கிலக் கட்டுரை ஒன்றில் ‘கோஷ்’ (gauche) என்றொரு சொல் வந்தது. அகராதி ‘இங்கிதமற்ற’ என்கிறது. பிரெஞ்சில் அது ‘இடது’ என்கிறார்களே, இரண்டுக்கும் என்ன தொடர்பு?
– கிளிநொச்சி வாசகர்

பதில்: இரண்டும் ஒரே சொல்தான். ‘விலகு, கோணு’ என்ற பொருளுடைய ‘கோஷீர்’ என்ற பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்தது. லத்தீன் வழிவந்த ‘செனெஸ்த்ர்’ என்ற பழைய சொல்லைத் தள்ளிவிட்டு, பிரெஞ்சில் இதுவே ‘இடது’ ஆயிற்று. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது கை கழன்றுவிட்டது, கோணல் மட்டும் தங்கிவிட்டது. ‘சாமர்த்தியமான’ என்ற பொருளுடைய எதிர்ச்சொல்லான ‘அட்ராய்ட்’டிலோ (adroit) வலது ஒளிந்திருக்கிறது. இடக்கைக்காரருக்கு எந்த மொழியிலும் நியாயம் கிடைக்கவில்லை!

பொருளில் ஒரு நுணுக்கம். வேண்டுமென்றே அவமதிப்பது ‘கோஷ்’ ஆகாது, அது ‘ரூட்’. பழக்கமின்மையால், இடம் தெரியாமல் பேசுவதே ‘கோஷ்’. முள்ளியவளையில் ஒரு செத்தவீடு. பந்தலுக்குள் பறை ஓயவில்லை. வந்தவர் மகனின் தோளைத் தட்டி, “அப்பாவின்ர வயல் எத்தினை ஏக்கர்? ஆருக்கு எழுதினவர்?” என்று கேட்கிறார். கெட்ட மனிதரல்ல, ஆனாலும் கேள்வி ‘கோஷ்’.

எழுத்தைப் பார்த்து ‘கௌச்’ என்று வாசிப்பதுதான் வழக்கமான பிழை. நீட்டி ‘கோ’, பிறகு ‘ஷ்’. பெயர்ச்சொல் ‘கோஷரி’.

நம்மிடம் இதற்கு நேர்மாறான ஒன்றுக்கே இலக்கணப் பெயர் உண்டு: நன்னூல் சொல்லும் இடக்கரடக்கல். மலம் கழுவி வந்தான் என்னாமல் ‘கால் கழுவி வந்தான்’ என்பது அது.