பாய் தைக்கிற கைகள்

கேள்வி: சென்ற இதழ் நடுப்பக்கத்தில் ஸ்பெயின் ஓவியர் ஹோவக்கீன் சொரோயாவின் 'பாய் தைத்தல்' ஓவியத்தை, படகுப் பாய் தைக்கிற படத்தை, போட்டிருந்தீர்கள். மீனவப் பெண்கள் பாடுபடுவதை ஏதோ கல்யாண வீட்டில் பூத்தொடுப்பதுபோல, வெளிச்சமும் பூச்செடியும் சிரிப்புமாக வரைந்திருக்கிறார். வறுமையை அழகாக்கிப் பணக்காரர் வீட்டுச் சுவருக்கு அனுப்புகிற வேலைதானே இது? இதற்குப்போய் இரண்டு பக்கமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: ஆமாம், இரண்டு பக்கம் போடத்தான் வேண்டும். அந்தப் படம் 2 மீட்டருக்கு மேல் உயரம், ஏறக்குறைய 3 மீட்டர் அகலம். இரண்டு பக்கத்தைவிடச் சின்னதாக அச்சிட்டால் தையலே தெரியாது.

நீங்கள் அந்தச் சிரிக்கிற முகத்தோடு நின்றுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். இதழை மறுபடி எடுத்துவைத்துக் கைகளைப் பாருங்கள். உட்கார்ந்திருக்கிற பெண்களில் பெரும்பாலோர் தலையே நிமிரவில்லை; மடியில் மலைபோலக் குவிந்த கித்தானை இழுத்துப்பிடித்து ஊசி ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். பாய் என்பது ஒரே துணி இல்லை, பட்டை பட்டையாக மூட்டித் தைப்பது. காற்று முழு வேகத்தில் அடிக்கும்போது அத்தனை இழுப்பையும் தாங்குவது அந்த மூட்டுத் தையல்தான். ஓரிடத்தில் பிரிந்தால் கிழிசல் நீண்டுகொண்டே போகும், அது நடப்பது நடுக்கடலில். அவர் இதை வரைந்த 1896-இல் ஸ்பெயினின் வாலென்சியாக் கரையிலிருந்து போன படகுகள் இந்த முக்கோணப் பாயை நம்பித்தான் போயின. திரும்பி வந்தால் மாடு பூட்டிக் கரையேற்றுவார்கள். அப்படியிருக்க, முற்றத்தில் உட்கார்ந்து ஊசி பிடித்தவளுக்கு மீன்பிடித் தொழிலில் பங்கில்லை என்று யார் சொல்ல முடியும்? மீனவர் என்றதும் துடுப்புப் பிடித்த ஆண்தான் நம் கண்முன் வருகிறான். சொரோயா கடல் என்று சொல்லும்படி எதையும் காட்டாமல், கொடிப்பந்தலுக்குக் கீழே நடக்கிற இந்த வேலைக்கு அவ்வளவு பெரிய திரையைக் கொடுத்தார். அதனால்தான் நானும் இரண்டு பக்கம் கொடுத்தேன்.

அந்த வெள்ளைத் துணியையும் ஒரு நிமிடம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். வெள்ளை என்று நாம் சொல்கிறோமே தவிர, அங்கே சுத்த வெள்ளை ரொம்பக் குறைவு. இலைகளுக்கிடையில் விழுகிற வெயில் வெளிர் மஞ்சளாகவும், நிழல் நீலமும் ஊதாவுமாகவும், ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு நிறம் மாறிக்கொண்டே போகும். படத்தில் அதிக இடம் அந்தப் பாய்க்குத்தான். ஆட்கள் அதைச் சுற்றி ஓரமாக இருக்கிறார்கள். செய்கிற பொருளுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த படம் எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

சரி, வறுமையை அழகாக்குவது என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். அப்படி வரைந்தவர்கள் உண்டு, அதை மறுக்கவில்லை. சொரோயாவை அந்தக் கூட்டத்தில் சேர்ப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அதே வாலென்சியாவில் பிறந்து, 2 வயதில் காலராவுக்குத் தாய் தந்தை இருவரையும் பறிகொடுத்து, பூட்டு வேலை செய்த சித்தப்பா முறையுள்ளவர் வீட்டில் வளர்ந்தவர் அவர். பாய் தைக்கிற பெண்களை வரைவதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1894-இல், இன்னொரு படம் வரைந்தார். படகின் அடிவயிற்றில், அடிபட்டுச் சாய்ந்து கிடக்கிற ஓர் இளம்பையனை இரண்டு பெரியவர்கள் தாங்கிப்பிடித்திருக்கிறார்கள், பின்னால் பிடித்த மீன் கிடக்கிறது. படத்தின் பெயர் 'இன்னமும் மீன் விலை அதிகம் என்கிறார்களே!'. மாத்ரித் நகரின் பிராதோ அருங்காட்சியகத்துக்கு உரிய படம் அது. கடல் என்ன விலை கேட்கும் என்று தெரிந்த அதே ஆள்தான் இந்த முற்றத்தையும் வரைந்தார்.

அப்புறம் அந்தப் பூச்செடிகள். பாடுபடுகிறவர்கள் வீட்டில் பூச்செடி இருக்காதா? பக்கத்தில் இருப்பவளிடம் கதைபேசிச் சிரித்துக்கொண்டே வேலை பார்க்க மாட்டார்களா? நீங்களும் நானும் வளர்ந்த தெருக்களில் அப்படித்தானே பார்த்திருக்கிறோம். உழைக்கிற பெண் எப்போதும் கண்ணீரோடு இருந்தால்தான் நம்புவேன் என்று கேட்பது அவளுக்குச் செய்கிற நியாயமாக எனக்குப் படவில்லை.

அடுத்த இதழில் அந்த 1894 படத்தையும் அச்சிடுகிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலில் பையனின் முகத்தையும் பிறகு இந்தப் பெண்களின் விரல்களையும் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.