தாத்தாவின் கிளாரினெட்டில் வளையம் எங்கே?

கேள்வி: பேண்டு செட்டில் என் தாத்தா வாசித்த கிளாரினெட்டைப் பரணிலிருந்து எடுத்து, துளைகளை மூடும் பேட் எல்லாம் மாற்றினேன். பயிற்சிப் புத்தகத்தில் உள்ளபடி விரல் வைத்தால் சில சுரங்கள் சேரவே இல்லை. பின்பக்கம் கட்டை விரல் துளையைச் சுற்றி வளையமும் இல்லை. உடைந்து விழுந்திருக்குமோ?
– வாசகர், கும்பகோணம்

பதில்: ஒன்றும் உடையவில்லை, தம்பி. கிளாரினெட்டில் துளை, கீ அமைப்பு பல முறைகளில் உண்டு. உங்கள் புத்தகம் போஎம் முறைக்கு எழுதியது. தாத்தாவுடையது ஆல்பர்ட் முறையாக இருக்கும். அதில் கட்டை விரல் வளையம் முதலிலிருந்தே கிடையாது. இடது சுண்டு விரலுக்கு எத்தனை கீ (துளையை மூடித் திறக்கும் உலோகப் பிடி) என்று எண்ணிப் பாருங்கள். போஎம்மில் மூன்று, ஆல்பர்ட்டில் இரண்டு. வலது சுண்டு விரலுக்கு போஎம்மில் நான்கு, ஆல்பர்ட்டில் இரண்டே. அந்த இரண்டின் ஓரத்தில், விரல் ஒன்றிலிருந்து மற்றதற்கு வழுக்கிப் போகச் சின்ன உருளைகள் இருக்கும்.

இத்தனை குழப்பம் ஏன் என்றால், நாகஸ்வரத்தில் அழுத்தி ஊதினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் வரும். கிளாரினெட்டில் சட்ஜம் பிடித்த விரலிலேயே மேல் ஸ்தாயி பஞ்சமம் வந்து நிற்கும். நடுவில் விடுபடும் சுரங்களுக்கு விரல் போதாது, கீ வேண்டும். 1700ஐ ஒட்டி ஜெர்மனியின் நியூரம்பர்க்கில் டென்னர் என்பவர் செய்த கிளாரினெட்டில் இரண்டே கீ. 1812இல் இவான் முல்லர் என்ற கிளாரினெட்காரர் பதிமூன்று கீ வைத்து பாரீஸில் காட்டினார். அங்கே அதைச் சோதித்த குழு வேண்டாம் என்றுவிட்டது, ஆனால் வாசிப்பவர்கள் விடவில்லை. பிரஸ்ஸல்ஸில் யூஜீன் ஆல்பர்ட் செய்தது அந்த வழி வந்ததுதான். போஎம் என்பவர் மியூனிக் நகரத்துப் புல்லாங்குழல்காரர். விரல் ஒரு துளையை மூடும்போதே வளையம் அழுந்தி வேறு துளையும் மூடும் அவருடைய யோசனையைக் கிளாரினெட்டில் பொருத்தி 1844இல் காப்புரிமை வாங்கியவர்கள் வாசிப்பவரான குளோஸேயும் கருவி செய்பவரான பஃபேயும். பெயர் மட்டும் போஎம்முக்குப் போய்விட்டது!

நான் பதினைந்து வருடம் ஆல்பர்ட் வாசித்துவிட்டு போஎம் வாங்கினேன். முதல் கல்யாணக் கச்சேரியில், பழக்க தோஷத்தில் வலது சுண்டு விரல் உருளையைத் தேடி வழுக்கியது. மாப்பிள்ளை அழைப்பில் அபஸ்வரம். தவில்காரர் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. போஎம்மில் ஒரே சுரத்துக்கு இரண்டு பக்கமும் கீ இருப்பதால் வலது சிக்கினால் இடதில் பிடிக்கலாம். ஆல்பர்ட்டில் அந்த வசதி இல்லை, வழுக்கித்தான் போக வேண்டும். ஆனால் இழைந்து ஏறி இறங்க ஆல்பர்ட்தான் எனக்குக் கைவந்தது. அமெரிக்க ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் குழுவில் இருந்த பார்னி பிகார்டும் கடைசிவரை ஆல்பர்ட்டை விடவில்லை.

புது விரல் பழக்கத்துக்கு முன்னால் ஒரு வேலை. கிளாரினெட்டின் உடம்பில் ‘எச்.பி.’ (ஹை பிட்ச்) என்று முத்திரை இருக்கிறதா பாருங்கள். பழைய பிரிட்டிஷ் ராணுவ பேண்டுகளின் உயர் சுருதி அது. இன்றைய 440 ஹெர்ட்ஸுக்குப் பதில் 452 அளவில் நிற்கும், அரைச் சுரத்தில் ஏறக்குறைய பாதி கூடுதல். ஊதுவாய்க்குக் கீழே இருக்கும் ‘பேரல்’ என்ற குட்டைத் துண்டை வெளியே இழுத்துச் சமாளிக்கலாம் என்று நானும் நினைத்தேன். நடுச் சுரங்கள் பொத்தென்று இறங்கின, அடிச் சுரங்கள் அவ்வளவாக அசையவில்லை. அந்த முத்திரை இருந்தால் தனியாக வாசியுங்கள், கீபோர்டோடு சேர வேண்டாம். முத்திரை இல்லையென்றால், டியூனரில் ஒரு முறை ஊதிப் பார்த்துவிட்டு ஆல்பர்ட் விரல் அட்டவணை ஒன்று தேடிப் பிடியுங்கள்.

கேள்வி: பழைய ஆல்பர்ட்டை போஎம்மாக மாற்றித் தருவார்களா?
– வாசகி, திருச்சி

பதில்: துளைகளே வேறு இடத்தில் இருக்கின்றனம்மா. மாற்றும் செலவுக்குப் புதிதே வாங்கிவிடலாம்.

கேள்வி: இங்கே போஎம் படித்த என் அக்கா மகன் பெர்லினுக்குப் படிக்கப் போகிறான். அங்கே அதுவே போதுமா?
– வாசகர், மதுரை

பதில்: வீட்டில் வாசிக்கப் போதும். ஆனால் பெர்லின் பில்ஹார்மோனிக் மாதிரி ஜெர்மன் ஆர்க்கெஸ்ட்ராக்களில் ஓஹ்லர் என்ற வேறு கீ முறைதான். அதுவும் முல்லர் வழிதான், ஆல்பர்ட்டுக்குப் பங்காளி. அந்த ஆசை இருந்தால் பையன் விரலை முதலிலிருந்து பழக வேண்டும். போகும்முன் கும்பகோணத்துத் தாத்தா கிளாரினெட்டில் நாலு நாள் வாசித்துப் பார்க்கலாம்.